‘எரிமலைத் தீவில் ஒரு நாள்’ எழுதுகிறவர்களுக்கு

‘எரிமலைத் தீவில் ஒரு நாள்’ வகைக் கட்டுரைகளுக்குத் தமிழில் இப்போது ஒரு அச்சு வந்துவிட்டது. விடியற்காலை நாலு மணிக்கு அலாரம். இருட்டில் கார். மேகத்துக்கு மேலே சூரிய உதயம். அப்புறம் எரிமலைக் குழம்பு உறைந்த கருவெளி. அது ‘நிலவில் நடப்பதுபோல’ இருக்கும், கண்டிப்பாக இருக்கும். நடுவில் முழங்கால் வலி, கொஞ்சம் தத்துவம், மனிதன் எவ்வளவு சிறியவன் என்கிற ஞானம். சாயங்காலம் கடலோரத்தில் ஒரு கோபுரம் கண்ணில் படும். ‘அட, இங்கேயும் நம்மாளு!’ உடம்பு சிலிர்க்கும். தமிழன் கால் வைக்காத இடமுண்டா என்ற கேள்வியோடு கட்டுரை முடியும். கீழே இருநூறு இதயக்குறிகள்.

ரீயூனியன் தீவைப் பற்றி மட்டும் இப்படி நாலைந்து படித்துவிட்டேன். வீடியோக்கள் தனிக் கணக்கு. எழுதியவர்களின் பெயர் வேண்டாம், ஆள் இங்கே முக்கியமில்லை. எனக்குச் சண்டை அந்த அச்சோடு.

பொறாமையில் சொல்லவில்லை. நானும் ஏறியவன்தான். வேலை விஷயமாக மொரீஷியஸ் போன இடத்தில் ஒரு வார இறுதி கிடைத்தது. அங்கிருந்து ரீயூனியனுக்கு விமானம் முக்கால் மணி நேரம். பித்தோன் த லா ஃபூர்னேஸ், உயரம் 2,632 மீட்டர், உலகத்தில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. பா த பெல்கோம்ப் என்ற விளிம்பு வரை கார் போகும். அங்கிருந்து செங்குத்தான பாறைச் சுவரில் நூற்றுக்கணக்கான படிகள் கீழே இறங்குகின்றன. மலையேறப் போனவன் முதலில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கியதும் ஃபோர்மிகா லேயோ என்ற செம்மண் நிறச் சிறு கூம்பு. அந்தப் பெயருக்கு அர்த்தம் நம்ம ஊர்க் குழியானைப் பூச்சி. சின்ன வயதில் மணலில் ஊதி ஊதிப் பிடிப்போமே, அதேதான். அதற்குப் பிறகு குழம்புப் பாறை. சில இடத்தில் தேர்வடத்தை முறுக்கிக் கிடத்தினமாதிரி, சில இடத்தில் காலணியை அறுக்கிற கிளிஞ்சல்மாதிரி. பாறையில் வெள்ளைப் பெயின்ட்டால் புள்ளி வைத்திருக்கிறார்கள். பத்து மணிக்கு மூடுபனி இறங்கினால் அந்தப் புள்ளிகள்தான் வழி. மேலே தொலோமியூ பள்ளம். 2007 ஏப்ரலில் சில நாட்களுக்குள் அதன் அடித்தரை 300 மீட்டருக்கும் மேல் உள்வாங்கிவிட்டது. அதன் விளிம்பில் நின்றபோது எனக்குச் சொல்ல எதுவும் வரவில்லை. அழகு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ரசிக்க வேண்டும், ரசித்தேன்.

நிலவுதான் இடிக்கிறது. நிலவில் நடப்பதுபோல என்று எழுதுவதில் என்ன வசதி? நிலவில் ஆள் கிடையாது. யாரையும் விசாரிக்க வேண்டாம்.

இந்தத் தீவுக்குப் பூர்வகுடி என்று யாரும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1660களில் குடியேறும்வரை அது ஆளில்லாத நிலம். ஆக இன்றைக்கு அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் யாரோ ஒருவரின் கப்பலில் வந்தவர்தான். சிலர் டிக்கெட் வாங்கி, பெரும்பாலானோர் சங்கிலியிலும் ஒப்பந்தத்திலும். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் தப்பித்து ஏறிய இடங்கள்தான் மஃபாத், சிலாவோஸ், சலாஸி என்ற அந்த மூன்று பெரும் பள்ளத்தாக்குகள். மஃபாத் என்பது தப்பியோடிய ஒரு தலைவனின் பெயர். ஆன்ஷேன் சிகரமும் அப்படித்தான். மஃபாத்துக்கு இன்றும் சாலை கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். ட்ரெக்கிங்காரர்களுக்கு அது பெரிய ஈர்ப்பு. சாலை வர முடியாத இடமாகப் பார்த்துத்தானே அவர்கள் ஓடினார்கள்? பின்னால் துப்பாக்கியோடு ஆள்பிடிக்கிறவன் வந்துகொண்டிருந்தான். நம் வீடியோக்காரர் அதே பாதையில் கார்பன் கைத்தடி ஊன்றி நின்று அதை ‘ஹிட்டன் ஜெம்’ என்கிறார். அங்கே ஒளிந்திருந்தது மனிதர்கள், ஐயா.

சரி, நம்மாளுக்கு வருவோம்.

1848 டிசம்பர் 20 அன்று தீவில் அடிமைமுறை ஒழிந்தது. 60,000 பேர் அளவில் விடுதலையானார்கள். கரும்பு விடுதலையாகவில்லை. வெட்டுவதற்குக் கை வேண்டும். அந்தக் கைகள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறின. அதற்கு முன்பே 1828இல் ஏனாமிலிருந்து ஒரு சிறு குழு போயிருந்தது. 1848க்குப் பிறகுதான் மடை திறந்தது. மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இதை நான் எழுதும் ஊர் கீழ்புத்துப்பட்டு. மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரியிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். எங்களுக்குத் தெற்கே அடுத்து இருக்கிற காலாப்பட்டு அன்றைக்குப் பிரெஞ்சு மண், எங்கள் ஊர் இங்கிலீஷ் மண். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரெஞ்சுக் காலனிக்கு ஆள் கொண்டுபோக 1860 ஒப்பந்தம் வரும்வரை அனுமதியில்லை. அதற்காக ஆள்பிடிக்கிற மேஸ்திரிகள் சும்மா இருந்தார்களா? எல்லை என்பது இங்கே ஒரு வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் பிடித்தால் கடத்தல், அந்தப் பக்கம் நின்று பெயர் கொடுத்தால் சுய விருப்பம். பிரோக்ராம் எழுதுகிறவனுக்கு இது பழகிய தந்திரம்: உள்ளீடு எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, படிவத்தில் கையெழுத்து இருக்கிறதா பார்.

ஒப்பந்தம் ஐந்து வருடம். ஆளுக்கு ஒரு பதிவு எண். அங்கே நடந்த கொடுமை பற்றிப் புகார்கள் குவிந்து, 1877இல் பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகள் சேர்ந்தே விசாரணைக்குப் போனார்கள். 1882இல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. தாது வருஷப் பஞ்சம் (1876–78) இந்தக் கணக்கின் நடுவில் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். சோறு இல்லாத ஊரில் ‘சுய விருப்பம்’ என்ற சொல்லுக்கு என்ன எடை?

இன்னொன்று. அவர்களுக்குத் தீவு கொடுத்த பெயர் ‘மல்பார்’. மலபார். சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களுக்கு எதிர்க்கரையின் பெயர். யாரோ ஒருவன் தப்பாகப் பதிந்தது, நூற்றைம்பது வருடமாகத் திருத்தப்படவில்லை.

எரிமலையிலிருந்து இறங்கி அன்று மத்தியானம் தீவின் வடமேற்குக் கரைக்குப் போனேன். ‘ஆங்கிலேயர் பாதை’ என்று ஒரு பழைய மலைப்பாதை இருக்கிறது. எரிமலைக் கல்லையே பாவி அமைத்தது. வெயிலில் கொதிக்கும், கால் வழுக்கும், கீழே நீலக்கடல். பயணக் கையேடுகள் எல்லாவற்றிலும் உண்டு. அது கிராந்த் ஷலூப் என்ற ஓடைப்பள்ளத்தில் இறங்குகிற இடத்தில் ஒரு கல் கட்டடம். 1860களில் கட்டிய லாசரேட். கப்பலில் வந்தவர்களை ஊருக்குள் விடும் முன் அடைத்துவைத்த தொற்றுத்தடுப்புக் கூடம். அம்மையும் காலராவும் ஏறிவந்த காலம். இப்போது சீரமைத்து வரலாற்றுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். நான் படித்த தமிழ்க் கட்டுரைகளில் அந்தப் பாதை இருக்கிறது, கடல் இருக்கிறது, இளநீர்கூட இருக்கிறது. கட்டடத்தைக் காணோம். பாதை நேராக அதன் பக்கத்தில்தான் இறங்குகிறது, தவறவிடவே முடியாது.

என்னோடு வந்த வழிகாட்டிக்கு அறுபது வயதிருக்கும். குடும்பப் பெயர் தமிழ்ப் பெயர்தான், பிரெஞ்சு எழுத்தில் நெளிந்திருந்தது. தமிழ் தெரியாது. ஆனால் பீர்க்கங்காய்க்கு அவர் வீட்டில் ‘பிபாங்காய்’ என்பார்கள்; முருங்கைக் கீரை ‘ப்ரேத் முரூங்’. மதுரை வீரன் அங்கே ‘மர்தேவிரன்’. திரௌபதிக்கு ‘பாந்தியாலே’ என்று பெயர், அவளுக்காகத் தீமிதிக்கிறார்கள். செஞ்சிச் சீமையின் தீமிதி, எரிமலைத் தீவில். இதையெல்லாம் கேட்டு எனக்கும் சிலிர்த்தது, மறைக்கவில்லை. அப்புறம் அவர் போனில் ஒரு படம் காட்டினார். ஆவணக் காப்பகத்தில் எடுத்தது. அவருடைய கொள்ளுத் தாத்தாவின் அப்பாவைப் பற்றிய பதிவு: எண், பெயர், கப்பல், உயரம், ஊர். அந்த ஊரைத்தான் அவர் பத்து வருடமாகத் தேடுகிறார். பிரெஞ்சு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. முன்பாதி மையில் கரைந்துவிட்டது, பின்பாதியில் ஒரு ‘பா’வோ ‘ப’வோ மட்டும் தெளிவு. பாக்கமா, பட்டா? எங்கள் பக்கம் பாதி ஊர் பாக்கம், மீதி பட்டு. ‘நீ அங்கேயிருந்துதானே வருகிறாய், உனக்குத் தெரியாதா?’ என்று கேட்டார். என்ன சொல்ல?

இந்த மனிதரைத்தான் நம் கட்டுரைகள் ‘தமிழன் கால் பதித்தான்’ என்ற வாக்கியத்துக்குள் அடைக்கின்றன. கால் பதிக்கப் போனவன் ஊர்ப்பெயரைத் தொலைப்பானா? கோபுரத்தைப் படம் எடுக்கிறீர்களே, அந்த வண்ணக் கோபுரங்கள் பல பின்னாளில் தமிழ்நாட்டுச் சிற்பிகளை வரவழைத்துக் கட்டியவை. முதலில் போனவர்கள் கும்பிட்டது சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கோயில்களில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போய், வீட்டுக்கு வந்து காளிக்கும் விளக்கேற்றி, பிள்ளைக்கு ஞானஸ்நானப் பெயரும் வைத்துத்தான் பிழைத்தார்கள். ராஜேந்திர சோழனின் கடற்படை கணக்கில் இவர்களைச் சேர்க்கிறவர்கள் அவர்களுடைய நூறு வருட அவமானத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

போகிற போக்கில் இன்னொரு கோஷ்டிக்கும் சொல்லிவிடுகிறேன். என் தொழிலில் இருப்பவர்கள் ‘நாமெல்லாம் சைபர் கூலிப்பா’ என்று அலுத்துக்கொள்வார்கள். ஆன்சைட் அலவன்ஸ் பத்தாத வருத்தம். தயவுசெய்து அந்தச் சொல்லைக் கொஞ்சம் கீழே வையுங்கள். நமக்கு நோட்டீஸ் பீரியட் இருக்கிறது.

‘பொழுதுபோக்காகச் சுற்றப் போனவன் வரலாற்றுப் பாடம் நடத்தணுமா? வெறும் அழகை எழுதக் கூடாதா?’ என்று கேட்பீர்கள். தாராளமாக எழுதலாம். பாறை, பனி, முழங்கால் வலி என்று எழுதி முடித்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் ‘நம்மாளு’ என்று வரலாற்றை உள்ளே இழுத்துவந்தது நீங்கள். பெருமைக்கு மட்டும் கூப்பிட்டுவிட்டு, சாப்பாட்டுக் கணக்கு வரும்போது எழுந்து போகக் கூடாது.

இன்னொரு பதில் உண்டு, அது இதைவிட மோசம். ‘எப்படியோ போனாங்க, இப்ப நல்லாத்தானே இருக்காங்க? பிரெஞ்சு பாஸ்போர்ட்!’

ஆமாம், பாஸ்போர்ட். அதைப் பேசத்தான் வேண்டும்.

1889இல் பிரான்ஸ் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. பிரெஞ்சு மண்ணில் பிறந்த வெளிநாட்டார் பிள்ளைகளுக்குக் குடியுரிமைக்கு வழி திறந்த அந்தச் சட்டம் ரீயூனியனுக்கும் பொருந்தியது. கூலியின் பேரன் குடிமகன் ஆனான். 1946இல் தீவு காலனி என்ற நிலை மாறி பிரான்சின் ஒரு மாவட்டமானது. இதைப் பிரெஞ்சுக்காரனின் பெருந்தன்மை என்று நான் கொண்டாட மாட்டேன். அவன் மொழியைப் பிடுங்கிக்கொண்டுதான் பெயரைப் பதிந்தான். ஆனால் பதிந்தான்.

அதே நூற்றாண்டில், இதே தமிழ்நாட்டிலிருந்து, இன்னொரு கூட்டம் மன்னார் வழியாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனது. அங்கே மேஸ்திரிக்குப் பதில் கங்காணி. பின்னால் காப்பி போய்த் தேயிலை வந்தது. 1948இல், சுதந்திரம் வந்த அதே வருடம், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை லட்சம், எனக்கு இத்தனை லட்சம் என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியா பக்கம் நகர்ந்த குடும்பங்கள் பல. 1983க்குப் பிறகு, 1990க்குப் பிறகு, படகேறி இங்கே வந்தார்கள்.

எங்கள் ஊரில் அந்த முகாம் இருக்கிறது. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பலகையை அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல சொல். இரவு வெளியே தங்க வேண்டுமென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது மாறவில்லை.

என் நண்பன் ஒருவன் அங்கே. 1991இல் இங்கேயே, தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தவன். அவனுடைய முன்னோர் இந்தப் பக்கத்திலிருந்து மலைத்தோட்டத்துக்குப் போனவர்கள். நாங்கள் ஒரே கல்லூரியில், ஒரே பொறியியல் படிப்பு. என்னைவிட நன்றாக ஜாவா எழுதுவான், சந்தேகமே இல்லை. கேம்பஸில் இருவருக்கும் வேலை கிடைத்தது. பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்தில் பாஸ்போர்ட் எண் என்று ஒரு கட்டம். சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. அவன் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். இப்போது பெயின்ட் வேலை.

சட்டம் இங்கே ஒரு தேதியில் நிற்கிறது. 1987 ஜூலை 1. அதற்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றார்கள், பிறகு அதுவும் இறுகியது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் 2022இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். என் நண்பன் நான்கு வருடம் பிந்திப் பிறந்துவிட்டான். அவ்வளவுதான் வித்தியாசம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான் இருக்கிறது, வங்கதேசம் இருக்கிறது, ஆப்கானிஸ்தான் இருக்கிறது. முப்பது கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாடு இல்லை.

இரண்டு கப்பல்கள், இரண்டு கொள்ளுத் தாத்தாக்கள். ஒருவரின் வாரிசு எரிமலையில் எனக்கு வழிகாட்டினார். இன்னொருவரின் வாரிசு எங்கள் ஊரில், எங்கள் மொழி பேசிக்கொண்டு, அனுமதிச் சீட்டில் இருக்கிறான். ‘உலகெங்கும் தமிழன்’ என்று சிலிர்க்கிறவர்களின் வரைபடத்தில் முதலாமவருக்குக் கொடி குத்தியிருக்கிறது. இரண்டாமவன் அதில் எங்கே? ரீயூனியன்காரரின் தமிழ் போய்விட்டதே என்று கண்கலங்குகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்த முகாமைத் தாண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் புதுச்சேரிக்குப் போகிறார்கள். நடுவில் நிறுத்தினால் உப்பளத்துக்காக நிறுத்துவார்கள். வெள்ளைக் குவியல், நீல வானம், ட்ரோன். உப்பு வாருகிற அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்கள், ஃபிரேமில் வருகிறாரென்று. நானே பார்த்திருக்கிறேன். பாத்தியை மிதித்துப் பதமாக்கி, வெயிலுக்கு முன்னால் வாரி முடிக்க விடியலுக்கு முன்பே வந்தவர் அவர். அவருக்கும் நாலு மணிக்குத்தான் அலாரம்.

ஊருக்குத் திரும்பியதும் நண்பனுக்குப் படங்களைக் காட்டினேன். அய்யனார் கோயில் காட்டோரம் உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வந்த வேன்கள் வரிசையாக நின்றன. எரிமலைப் பள்ளத்தை ரொம்ப நேரம் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். ‘செம்மடா’ என்றான். லாசரேட் படம் வந்ததும் நிறுத்தினான்.

‘இதுல எத்தினி நாள் வச்சிருந்தாங்க?’

‘நாள் கணக்கு, மிஞ்சிப்போனா வாரக் கணக்கு.’

‘அவ்ளோதானா’ என்று சிரித்தான்.

வழிகாட்டி அனுப்பிய அந்தப் பதிவின் படத்தையும் காட்டினேன். பெயின்ட் கறை படிந்த விரலால் பெரிதாக்கி, பட்டுதான், பாக்கம் இல்லை என்றான். எப்படிச் சொல்கிறாய் என்றால், எழுத்துக்கு அப்புறம் இடம் பத்தாது பார் என்றான். நியாயமான வாதம். அதை அப்படியே அவருக்கு எழுதிவிட்டேன். வர ஜனவரியில் வருகிறாராம், பட்டு என்று முடிகிற ஊரெல்லாம் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். சென்னை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர இருவரும் போகலாம் என்று சொன்னேன். விமானம் இரவில் இறங்குகிறது, திரும்பிவர விடிந்துவிடும். தேதி உறுதியானதும் முன்கூட்டியே சொல்லு, மனு எழுதிக் கொடுக்கணும் என்றான்.